கிளாஸுக்குள் கிளாஸ்: சொல்லாமல் கூட வரும் வெளி ஆப்ஜெக்ட்

பெங்களூரில் பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று எந்தப் பக்கம் ஜாவா வேலைக்கு இன்டர்வியூ நடந்தாலும் ஒரு கேள்வி பெரும்பாலும் வந்துவிடும்: "ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸுக்கும் இன்னர் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்?" கோவையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து பிடிஎம் லேஅவுட் பி.ஜி.களில் தங்கித் தயாராகிற பிள்ளைகள் இதற்குப் பதிலை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். (கிளாஸ் என்பது ஒரு வார்ப்பு, ஆப்ஜெக்ட் அதிலிருந்து செய்த பொருள். ஒரு கிளாஸுக்குள் எழுதிய கிளாஸின் முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டால் ஸ்டாட்டிக் நெஸ்டட், போடாவிட்டால் இன்னர்.) இன்னர் கிளாஸுக்கு வெளி கிளாஸின் ஆப்ஜெக்ட் வேண்டும், ஸ்டாட்டிக் நெஸ்டட் கிளாஸுக்கு வேண்டாம். பதில் சரிதான். கேட்டவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வேண்டும் என்றால் அந்த ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று அதற்கு மேல் யாரும் நோண்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறக்க வைப்பது இந்தக் கேட்காமல் விட்ட பாதிதான்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முருகேஷ்பாளையா பக்கம் இருக்கிற ஒரு தமிழ் மெஸ்ஸுக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மெஸ்' என்று ஒரு கிளாஸ். அதில் சாப்பாட்டு விலை, மாதக் கணக்கு வைத்திருப்பவர்களின் பட்டியல், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் ஃபீல்டுகளாக (ஆப்ஜெக்டுக்குள் மதிப்புகளை வைக்கும் இடங்களாக) இருக்கின்றன. அதற்குள்ளேயே 'டோக்கன்' என்று இன்னொரு கிளாஸ். அதில் தேதி, வேளை, டோக்கன் எண். டோக்கன் மெஸ்ஸுக்கு மட்டுமே உரிய சமாசாரம், அதை ஏன் தனி ஃபைலில் போட வேண்டும் என்று உள்ளேயே எழுதிவிட்டோம். நியாயமான யோசனைதான். ஸ்டாட்டிக் என்ற சொல்லைப் போடவில்லை, அவ்வளவுதான். (ஜாவாவில் கிளாஸ் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம், கோடை மொழிபெயர்க்கும் கம்பைலர் முகம் சுளிக்காது. கூட வேலை பார்ப்பவர்கள் சுளிப்பார்கள்.)

இப்போது டோக்கன் கிளாஸின் ஒரு மெத்தடுக்குள் (ஆப்ஜெக்ட் செய்யும் ஒரு வேலைக்கான கோடுக்குள்) 'விலை' என்று எழுதினால், அது மெஸ்ஸின் விலையை எடுத்துக்கொள்ளும். டோக்கனுக்குள் அப்படி ஒரு ஃபீல்டே கிடையாது. பிறகு எப்படிக் கிடைத்தது? கம்பைல் செய்து பார்த்தால் தெரியும். ஒரே சோர்ஸ் ஃபைலிலிருந்து இரண்டு கிளாஸ் ஃபைல்கள் வருகின்றன. ஒன்று 'மெஸ்'. மற்றது 'மெஸ்$டோக்கன்', நடுவில் டாலர் குறியோடு. இந்த இரண்டாவது ஃபைலை ஜேடிகே என்ற ஜாவா மென்பொருள் தொகுப்போடு வருகிற, கிளாஸ் ஃபைலைப் பிரித்துக் காட்டும் ஜாவாப் கருவியில், பிரைவேட் (வெளியாருக்கு மறைத்த) உறுப்புகளையும் காட்டச் சொல்லித் திறந்து பாருங்கள். நாம் எழுதிய தேதி, வேளை, எண் ஆகியவற்றோடு நாம் எழுதாத நான்காவது ஃபீல்ட் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெயர் 'திஸ்$0'. வகை, மெஸ். அதன் மேல் ஃபைனல் என்று முத்திரை வேறு. ஆப்ஜெக்டைக் கட்டும் கன்ஸ்ட்ரக்டரையும் பாருங்கள்: நாம் எழுதாத ஒரு பாராமீட்டர் (உள்ளே வாங்கும் மதிப்பு) முதலில் நிற்கும், அதுவும் மெஸ் வகைதான்.

இன்னர் கிளாஸ் என்றால் இதுதான், இதற்கு மேல் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு டோக்கன் ஆப்ஜெக்டும் தான் எந்த மெஸ்ஸில் பிறந்ததோ அந்த மெஸ் ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸை (அதைக் காட்டும் சுட்டியை), கம்பைலர் சொருகிய ஒரு மறைவான ஃபீல்டில் வைத்துக்கொண்டு திரிகிறது. வெளியிலிருந்து டோக்கன் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஒரு மெஸ் ஆப்ஜெக்ட் கையில் இருக்க வேண்டும், அதன் பெயருக்குப் பின் புள்ளி வைத்து 'நியூ டோக்கன்' என்று விசித்திரமாக எழுத வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்து வருகிற விளைவுதான். ஸ்டாட்டிக் என்று முன்னால் போட்டுவிட்டால் அந்த ஃபீல்டும் இல்லை, அந்தப் பாராமீட்டரும் இல்லை. டோக்கன் என்பது மெஸ் என்ற பெயருக்குக் கீழே வாழ்கிற ஒரு சாதாரண கிளாஸ் ஆகிவிடும்.

ஒரு ரெஃபரன்ஸ்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அளவை முதலில் பார்த்துவிடுவோம். 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருளில்), 32 ஜிபிக்குக் குறைவான ஹீப்பில் (ஆப்ஜெக்டுகள் வாழும் மெமரியில்), வழக்கமான அமைப்பில் ஒரு ரெஃபரன்ஸுக்கு 4 பைட், ஆப்ஜெக்ட் தலைப்புக்கு 12 பைட். மொத்தம் 8இன் மடங்காக மேலே முழுமையாக்கப்படும். ஜாவாவின் லிங்க்ட்லிஸ்ட் என்ற பட்டியலில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு நோட் ஆப்ஜெக்ட் உண்டு. அதில் மதிப்பு, முந்தையது, அடுத்தது என்று மூன்று ரெஃபரன்ஸ். 12 பைட் தலைப்பு, 12 பைட் ஃபீல்டுகள், ஆக 24. சரியாக 8இன் மடங்கு. அந்த நோட் ஸ்டாட்டிக்காக இல்லாமல் இருந்து, மறைவான ரெஃபரன்ஸும் சேர்ந்திருந்தால் 28 ஆகி, 32க்கு ஏறும். பத்து லட்சம் உருப்படி உள்ள பட்டியலுக்குக் கூடுதலாக 80 லட்சம் பைட், கிட்டத்தட்ட 8 எம்பி, எதற்கும் பயன்படாமல் போயிருக்கும். வேடிக்கை என்னவென்றால், பெயரையும் மதிப்பையும் ஜோடியாக வைக்கும் ஹேஷ்மேப்பின் நோட் ஆப்ஜெக்டில் ஒரு முழு எண்ணும் மூன்று ரெஃபரன்ஸும் இருப்பதால் அது ஏற்கெனவே 28 பைட், முழுமையாக்கினால் 32. அங்கே ஒரு மறைவான ரெஃபரன்ஸைச் சேர்த்தாலும் அளவு அதிகமாகாது. ஆகவே மெமரி வீணாகிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது பாதி உண்மைதான். அளவு ஒரு பக்கம். ஆயுள்தான் பெரிய விஷயம்.

பயன்படாத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் ஒரு ஆப்ஜெக்டைத் துடைத்தெறிய வேண்டுமானால் அதை யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நாள் முழுக்க ஓடுகிற ஏதோ ஒரு கேஷில் (மறுபடி எடுக்கச் சேர்த்து வைக்கும் இடத்தில்) ஒரே ஒரு டோக்கன் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். டோக்கன் மெஸ்ஸைப் பிடித்திருக்கிறது, மெஸ் உறுப்பினர் பட்டியலைப் பிடித்திருக்கிறது, பட்டியல் ஒவ்வொருவரின் கணக்கையும் பிடித்திருக்கிறது. மூன்று ஃபீல்ட் உள்ள ஒரு துண்டுச் சீட்டுக்காக மொத்த மெஸ்ஸும் மெமரியில் நிற்கும். கோடைப் படித்துப் பார்த்தால் டோக்கனில் மெஸ் என்ற சொல்லே கண்ணில் படாது. அதனால்தான் இந்த வகை மெமரிக் கசிவைத் தேடுகிறவர்கள் சோர்ஸைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக ஹீப் டம்ப் (மெமரியின் அந்த நேரத்து நகல்) எடுக்கிறார்கள். அங்கே 'திஸ்$0' என்று தொடங்கும் வரி ஒன்று சங்கிலியின் நடுவில் தெரிந்தால் விஷயம் முடிந்தது.

இதைப் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் ஆண்ட்ராய்டு ஆட்கள். அங்கே ஒவ்வொரு திரையும் ஒரு ஆக்டிவிட்டி ஆப்ஜெக்ட். போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் வழக்கமாகப் பழைய ஆக்டிவிட்டி அழிந்து புதியது பிறக்கும். ஆக்டிவிட்டிக்குள் ஸ்டாட்டிக் இல்லாமல் ஒரு ஹேண்ட்லர் கிளாஸ் (வேலைகளை வரிசையில் போட்டுச் செய்ய வைப்பது) எழுதி, 'பத்து நிமிடம் கழித்து இதைச் செய்' என்று ஒரு மெசேஜ் போட்டால், அந்த மெசேஜ் மெயின் திரெட்டின் (திரையை இயக்கும் ஓட்டத்தின்) வரிசையில் பத்து நிமிடமும் காத்திருக்கும். மெசேஜ் ஹேண்ட்லரைப் பிடித்திருக்கும். ஹேண்ட்லர் தன் மறைவான ரெஃபரன்ஸ் வழியாகச் செத்துப்போன ஆக்டிவிட்டியைப் பிடித்திருக்கும். ஆக்டிவிட்டியோடு அதன் பட்டன்கள், படங்கள், முழுத் திரையும். சீட் கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தால் நாலு திரைகள் மெமரியில் அடுக்கி நிற்கும். கோடில் தவறு தேடுகிற, ஆண்ட்ராய்டின் லின்ட் கருவி இந்த ஹேண்ட்லர் ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியலாம் என்று தனியாகவே எச்சரிக்கும். பின்னணியில் வேலை செய்ய வைக்கும் ஏசிங்க்டாஸ்க் என்ற கிளாஸை 2020இல், ஆண்ட்ராய்டு 11 வந்தபோது, இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று கூகுள் ஒதுக்கியதற்குச் சொன்ன காரணங்களில் இப்படிக் கான்டெக்ஸ்ட் (ஆக்டிவிட்டியும் அதில் ஒரு வகை) கசிவதும் ஒன்று. அதை ஆக்டிவிட்டிக்குள்ளேயே இன்னர் கிளாஸாக எழுதுவதுதான் அன்றைய ஊர் வழக்கமாக இருந்தது. டுடோரியல்களும் அப்படியே சொல்லிக்கொடுத்தன.

சர்வர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இதே சங்கதி வேறு முகத்தோடு வரும். டோக்கனை ஜாவா சீரியலைசேஷன் (ஆப்ஜெக்டை அனுப்பக்கூடிய பைட்களாக மாற்றுவது) மூலம் வேறு மெஷினுக்கு அனுப்புகிறோம். டோக்கனில் சீரியலைசபிள் என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறோம். ஓட்டினால் 'மெஸ் சீரியலைசபிள் அல்ல' என்று எக்ஸெப்ஷன் வருகிறது. அனுப்பியது டோக்கனை, திட்டு விழுவது மெஸ்ஸுக்கு. காரணம் அதே மறைவான ஃபீல்ட்தான். அதற்குப் பதறிப்போய் மெஸ்ஸிலும் சீரியலைசபிள் என்று போட்டுத் தப்பிப்பவர்கள் உண்டு. அப்புறம் டேட்டாபேஸ் இணைப்பு மாட்டும், அதற்கு 'இதை அனுப்பாதே' என்னும் டிரான்சியன்ட் போடுவார்கள், அப்படியே ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒவ்வொரு டோக்கனோடும் உறுப்பினர் பட்டியல் முழுவதும் நெட்வொர்க்கில் பயணம் போகும். ஒரு சொல்லில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். ஜேசன் (தகவலை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) பக்கம் போனால், ஜாக்சன் லைப்ரரி ஸ்டாட்டிக் அல்லாத இன்னர் கிளாஸை ஜேசனிலிருந்து கட்டியெழுப்ப மறுத்துவிடும். எந்த மெஸ்ஸுக்கு உரிய டோக்கன் என்று அதற்கு எப்படித் தெரியும்? அது மறுப்பது நியாயம்தான்.

இப்போது நியாயமாக ஒரு கேள்வி எழும். இவ்வளவு தொல்லை தருவதை ஜாவா ஏன் டிஃபால்ட்டாக (ஒன்றும் சொல்லாவிட்டால் கிடைப்பதாக) வைத்தது?

கதை கொஞ்சம் பின்னால் போகிறது. கிளாஸ் என்ற கருத்தையே மொழிக்குள் கொண்டுவந்த சிமுலா 67, ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர் இருவரும் உருவாக்கியது. அது அல்கால் 60 மொழியின் பிளாக் (சேர்ந்து நிற்கும் கோட் தொகுதி) அமைப்பின் மேல் கட்டப்பட்டது. பிளாக்குக்குள் பிளாக் வரலாம், உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் பார்க்கலாம் என்பது அல்காலின் அடிப்படை. கிளாஸும் ஒரு வகை பிளாக்தான் என்று பார்த்தவர்களுக்குக் கிளாஸுக்குள் கிளாஸ் வருவதும், உள்ளிருப்பது வெளி ஆப்ஜெக்டைப் பார்ப்பதும் இயல்பாகவே வந்து அமைந்தது. பின்னால் வந்த சி++ இந்த வாரிசுரிமையை விட்டுவிட்டது. அங்கே உள் கிளாஸ் என்பது வெறும் பெயர் வரம்பு. வெளி ஆப்ஜெக்ட் வேண்டுமென்றால் பாயின்டரை நீயே கொடு, நீயே வைத்துக்கொள். சி++98 தரத்தின்படி உள் கிளாஸுக்கு வெளி கிளாஸின் பிரைவேட் உறுப்புகளைத் தொடும் தனி உரிமைகூடக் கிடையாது. சி++11 தரத்தில்தான் அது முறைப்படி கிடைத்தது.

1996இல் வந்த ஜாவா 1.0இல் கிளாஸுக்குள் கிளாஸே கிடையாது. அடுத்த ஆண்டு 1.1இல் வந்து சேர்ந்தது. தேவை எங்கிருந்து வந்தது என்றால், பட்டன்களிலிருந்து. அதே 1.1இல்தான் ஏடபிள்யூடி என்ற விண்டோ, பட்டன் லைப்ரரியின் ஈவென்ட் முறையும் மாறியது. ஒரு பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு லிஸனர் ஆப்ஜெக்டாகக் கொடுக்க வேண்டும். அந்த லிஸனர் எப்போதும் சுற்றியுள்ள விண்டோவின் ஃபீல்டுகளைத் தொட்டாக வேண்டும். ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஃபைலில் ஒரு கிளாஸ் எழுதி, அதற்கு விண்டோவைக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுத்து என்று யார் மாரடிப்பது? அந்த இடத்தில் இன்னர் கிளாஸும், பெயரில்லா அனானிமஸ் கிளாஸும் கச்சிதமாகப் பொருந்தின. வெளி ஆப்ஜெக்டோடு சேர்ந்தே பிறப்பதுதான் அங்கே தேவை. அந்த நேரத்துத் தேவைக்கு ஏற்ற டிஃபால்ட் அது. பட்டன் எழுதுகிறவர்களைவிட லிஸ்ட் நோடும் டோக்கனும் எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்ட பிறகும் அதே டிஃபால்ட் நின்றுவிட்டது. அதுதான் என் குறை.

இதே பட்டன் பிரச்சினைக்கு மைக்ரோசாஃப்ட் விஷுவல் ஜே++ என்ற தன் ஜாவா கருவியில் டெலிகேட் என்று வேறு வழி வைத்தது: ஒரு மெத்தடையே மதிப்பாகக் கொடுத்துவிடலாம். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் அதை ஏற்கவில்லை. இன்னர் கிளாஸே போதும், மொழியில் புதிய சங்கதி எதற்கு என்று விளக்க அறிக்கையே வெளியிட்டது. இரு நிறுவனங்களுக்கும் இடையே ஜாவா ஒப்பந்தத்தை ஒட்டி 1997 அக்டோபரில் வழக்கே தொடங்கிவிட்டது, அது இதைவிடப் பெரிய சண்டை. விஷுவல் ஜே++இல் வேலை செய்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க் பின்னால் சி ஷார்ப்பை வடிவமைத்தபோது டெலிகேட்டையும் கூடவே எடுத்துப் போனார். மெத்தடைக் கொடுக்க டெலிகேட் இருந்ததால் சி ஷார்ப்பின் உள் கிளாஸ்களுக்கு வெளி ஆப்ஜெக்டைச் சுமக்க வேண்டிய கட்டாயமே வரவில்லை. அங்கே எல்லா உள் கிளாஸும் ஜாவாவின் ஸ்டாட்டிக் வகை போலத்தான். ஜாவா 2014இல் எட்டாம் பதிப்பில் லாம்டாவை (மதிப்பாகக் கொடுக்கக்கூடிய, பெயரில்லாத குட்டிச் செயல்பாட்டை) கொண்டுவந்தபோது, அந்தப் பழைய வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது.

ஜாவா 1.1இல் இன்னொரு சமரசமும் நடந்தது. மொழி மாறியது, ஜேவிஎம் மாறவில்லை. கிளாஸுக்குள் கிளாஸ் என்பது ஜேவிஎம்முக்கு அப்போது தெரியவே தெரியாது. அதற்கு மெஸ்ஸும் மெஸ்$டோக்கனும் ஒரே பேக்கேஜில் (கிளாஸ்களின் தொகுப்பில்) இருக்கிற இரண்டு அந்நியர்கள். அப்படியானால் டோக்கன் எப்படி மெஸ்ஸின் பிரைவேட் ஃபீல்டைப் படிக்கும்? கம்பைலர் மெஸ்ஸுக்குள் 'ஆக்ஸஸ்$000' என்ற பெயரில் ஒரு குட்டி மெத்தடைத் திருட்டுத்தனமாகச் சேர்த்துவிடும், பிரைவேட் இல்லாத மெத்தட். டோக்கன் அதைக் கூப்பிடும். பழைய ஸ்டாக் டிரேஸ்களில் (பிழை வந்தபோது எந்த மெத்தட் எதைக் கூப்பிட்டது என்னும் பட்டியல்களில்) இந்தப் பெயரைப் பார்த்து, இதை யார் எழுதியது என்று குழம்பியவர்கள் நிறைய. பிரைவேட் என்று எழுதியது உண்மையில் பேக்கேஜ் முழுவதற்கும் ஒரு சந்து திறந்து வைத்திருந்தது என்பதுதான் விஷயம். 2018இல் ஜாவா 11 வந்து, ஒரே கூட்டைச் சேர்ந்த கிளாஸ்கள் எவை என்று ஜேவிஎம்முக்கே சொல்லும் ஏற்பாடு செய்த பிறகுதான் அந்தச் சந்து அடைபட்டது. இருபத்தோரு ஆண்டு ஆயிற்று.

ஜாவா 18 முதல் இன்னொரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. உள் கிளாஸ் வெளி ஆப்ஜெக்டை எங்கேயும் தொடவே இல்லையென்றால், பொதுவாக அந்தத் 'திஸ்$0' ஃபீல்டைக் கம்பைலர் விட்டுவிடும். ஆனால் இதை நம்பி உட்காரக் கூடாது. நாளைக்கு யாரோ ஒருவர் டோக்கனின் ஒரு மெத்தடில் 'விலை' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் ஃபீல்ட் திரும்பி வந்துவிடும். ரிவ்யூவில் அந்த ஒரு சொல்லைப் பார்க்கிற யாருக்கும் இத்தனை ஆப்ஜெக்டுகளின் ஆயுள் மாறிவிட்டது என்று தோன்றாது.

இன்னர் கிளாஸே தப்பு என்று சொல்ல வரவில்லை. எப்போது சரி என்பதற்கு ஜாவாவின் சொந்த லிங்க்ட்லிஸ்ட் ஃபைலைவிட நல்ல பாடம் கிடையாது. இரண்டு வகையும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. நோட் பிரைவேட் ஸ்டாட்டிக். லிஸ்டில் ஒவ்வொன்றாக நடந்து பார்க்கும் லிஸ்ட்இட்டர் என்ற இட்டரேட்டர் ஸ்டாட்டிக் இல்லாத இன்னர் கிளாஸ். ஏன்? நோடுக்குத் தான் எந்த லிஸ்டில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை, முன்னும் பின்னும் தெரிந்தால் போதும். இட்டரேட்டருக்கு லிஸ்ட் தெரிந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு அடியிலும், தான் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது லிஸ்டை மாற்றிவிட்டார்களா என்று லிஸ்டின் மாட்கவுன்ட் (எத்தனை முறை மாறியது என்னும்) எண்ணைத் தன்னிடம் உள்ள எண்ணோடு ஒப்பிடுகிறது. வேறுபட்டால் கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன். லூப்புக்குள் ரிமூவ் கூப்பிட்டு நாம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொள்வது இதுதான். இட்டரேட்டரின் ஆயுள் ஒரு லூப் அளவு, லிஸ்டின் ஆயுளைவிட எப்போதும் குறைவு. அதனால் லிஸ்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடக் குறைந்த காலம் வாழும், ஒவ்வொரு அடியிலும் அதன் தேவையும் இருக்கும் என்றால் இன்னர் கிளாஸ் அழகாகப் பொருந்தும். ஜேயூனிட் 5 என்ற டெஸ்ட் கருவியில் நெஸ்டட் குறிப்போடு எழுதுகிற டெஸ்ட் கிளாஸ்களும் இப்படித்தான். அவை ஸ்டாட்டிக் அல்லாதவையாகவே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி, வெளி கிளாஸில் செய்து வைத்த தயாரிப்பை உள்ளே இருப்பவை பயன்படுத்த வேண்டும் என்பதற்காக.

ஸ்டாட்டிக் வகைக்கு இன்னொரு நல்ல பயன், சோம்பேறித்தனமான லோடிங். 127ஐ இரண்டு இன்டிஜர் வேரியபிள்களில் போட்டு, இரட்டைச் சமக் குறியால் ஒப்பிட்டால் உண்மை என்று வரும், 128ஐப் போட்டால் பொய் என்று வரும் என்கிற இன்டர்வியூ கேள்வி ஞாபகம் இருக்கிறதா? இன்டிஜர் கிளாஸுக்குள் இன்டிஜர்கேஷ் என்று ஒரு பிரைவேட் ஸ்டாட்டிக் கிளாஸ் உண்டு. -128 முதல் 127 வரையிலான ஆப்ஜெக்டுகளை அதுதான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. உள் கிளாஸ் தனி கிளாஸ் ஃபைல் என்பதால், யாராவது முதன்முறை தொடும்போதுதான் ஜேவிஎம் அதை இனிஷியலைஸ் செய்யும். எத்தனை திரெட் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒரு முறைதான் அது நடக்கும் என்று மொழியே உறுதி தருகிறது. சிங்கிள்டன் (ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உள்ள கிளாஸ்) எழுதும்போது ஹோல்டர் என்று ஒரு உள் கிளாஸ் வைப்பதும் இந்த உறுதியை நம்பித்தான். லாக் எதுவும் நாம் எழுத வேண்டியதில்லை.

மெத்தடுக்குள் எழுதும் லோக்கல் கிளாஸ், அனானிமஸ் கிளாஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுற்றியுள்ள லோக்கல் வேரியபிள்களை அவை பயன்படுத்தினால் மதிப்பு நகலெடுக்கப்படுகிறது. நகலும் மூலமும் வெவ்வேறாகிவிடக் கூடாது என்றுதான் அந்த வேரியபிள் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. லாம்டா சுற்றியுள்ள ஆப்ஜெக்டைத் தொட்டால் மட்டுமே அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒரு நிம்மதி. இரட்டை நெளிவு அடைப்புக்குறி போட்டு மேப்பை நிரப்புகிற தந்திரத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு மேப்புக்காக ஒரு புதிய கிளாஸ் ஃபைலும், சாதாரண மெத்தடுக்குள் இருந்தால் மறைவான ரெஃபரன்ஸ் தொல்லையும் சேர்ந்து வரும். இரண்டு வரி மிச்சம் பிடிக்கப் போய் இது தேவையா?

ஜாவாவைப் பார்த்துப் படித்தவர்கள் பிற மொழிகளில் தடுமாறுவது இந்த டிஃபால்ட் விஷயத்தில்தான். 2016இல் 1.0 வந்த கோட்லின் இதைத் தலைகீழாக்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே எழுதினால் வெளி ஆப்ஜெக்ட் கிடையாது. வேண்டுமென்றால் இன்னர் என்று நீங்களே எழுத வேண்டும். சுமையை எடுப்பவன் கையெழுத்துப் போடட்டும் என்கிற ஏற்பாடு, எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பைத்தானில் உள் கிளாஸ் வெளி கிளாஸின் ஒரு சாதாரண அட்ரிபியூட், அவ்வளவே. வெளி ஆப்ஜெக்டும் வராது, வெளி கிளாஸின் பெயர்களும் தெரியாது. மெஸ்ஸில் 'விலை' என்று வைத்துவிட்டு உள்ளே டோக்கன் கிளாஸின் உடலில் அதை எழுதினால் நேம் எரர்தான் வரும். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஒவ்வொரு மாடலுக்குள்ளும் மெட்டா என்று கிளாஸ் எழுதுகிறோமே, அது வெறும் அமைப்புக் குறிப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டி. ஃபிரேம்வொர்க் அதைப் படித்துக்கொள்கிறது.

எல்லோரையும்விட ஒரு படி மேலே போனது ஸ்காலா. ஜாவாவில் முருகேஷ்பாளையா மெஸ்ஸில் பிறந்த டோக்கனும் அல்சூர் மெஸ்ஸில் பிறந்த டோக்கனும் ஒரே வகை. அங்கே வாங்கியதை இங்கே நீட்டினால் கம்பைலர் கண்டுகொள்ளாது. ஸ்காலாவில் அவை இரண்டும் வெவ்வேறு டைப்புகள். ஆப்ஜெக்ட் வழி டைப் மாறும். ஒரு மெஸ்ஸின் மெத்தட் 'டோக்கன்' கேட்டால், அது தன் டோக்கனைத்தான் கேட்கிறது. பக்கத்து மெஸ் டோக்கனைக் கொடுத்தால் கம்பைலே ஆகாது. எந்த மெஸ்ஸுக்கு உரியது என்பது நிஜமாகவே பொருட்டாக இருக்கும் இடத்தில் வெளி ஆப்ஜெக்டைச் சுமப்பதற்கு இப்படி ஒரு பலன் கிடைக்க வேண்டும். ஜாவா சுமையை மட்டும் கொடுத்துவிட்டுப் பலனைக் கொடுக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். நம் டோக்கனை இன்றைக்கு ஜாவாவில் எழுதுவதென்றால் நான் ரெக்கார்டாக (மாறாத மதிப்புகளை வைக்கும் சுருக்கமான கிளாஸாக) எழுதுவேன். ஜாவா 16இல் நிலையாக வந்த ரெக்கார்ட், கிளாஸுக்குள் எழுதினாலும் தானாகவே ஸ்டாட்டிக். enum வகையும் இன்டர்ஃபேஸும் அப்படித்தான். மெஸ்ஸின் விலை வேண்டுமென்றால் டோக்கன் போடும்போதே அதையும் ஒரு மதிப்பாகக் கொடுத்துவிடலாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மையும்கூட: அடுத்த மாதம் சாப்பாட்டு விலை ஏறினால் ஏற்கெனவே கொடுத்த டோக்கனின் விலை மாறக் கூடாதே. ஸ்டாட்டிக் போட வேண்டிய கட்டாயம் இப்படிச் சில நேரம் டிசைன் ஓட்டையையும் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு பக்கம், ஸ்டாட்டிக்தானே என்று எல்லாவற்றையும் உள்ளே திணிப்பதும் சரியில்லை. உள் கிளாஸை நாலு பேக்கேஜிலிருந்து இம்போர்ட் செய்கிறார்கள் என்றால் அது தனி ஃபைலுக்குப் போக வேண்டிய வயது வந்துவிட்டது என்று அர்த்தம். மேப்.என்ட்ரி போல வெளிப்பெயர் இல்லாமல் பொருளே புரியாது என்றால் உள்ளேயே இருக்கட்டும். ஆப்ஜெக்டைப் படிப்படியாகக் கட்டும் பில்டரும் அப்படித்தான், வெளி கிளாஸின் பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரைத் தொட வேண்டும் என்பதால் அதன் இடம் உள்ளேதான். மூன்றாவது அடுக்குக்கு உள்ளே போகிற கோடைப் பார்த்தால் நான் ரிவ்யூவில் நிறுத்திவிடுவேன். காரணம் கேட்டால், படிக்க முடியவில்லை என்பதே போதும்.

பழைய கோடைத் திருத்தும்போது வேலை எளிதுதான். கோடைச் சரிபார்க்கும் கருவிகளான இன்டெல்லிஜேயும் சோனாரும் எரர் ப்ரோனும் 'இது ஸ்டாட்டிக்காக இருக்கலாம்' என்று காட்டித்தருகின்றன. சந்தேகமிருந்தால் கிளாஸ் முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டுக் கம்பைல் செய்து பாருங்கள். வெளி ஆப்ஜெக்டைத் தொடுகிற ஒவ்வொரு வரியிலும் கம்பைலர் சிவப்புக் கோடு போடும், அந்தப் பட்டியல்தான் உங்கள் ஆராய்ச்சி. ஒன்றும் வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். இரண்டோ மூன்றோ வந்தால் அந்த மதிப்புகளைக் கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். இருபது வந்தால் அது உண்மையிலேயே இன்னர் கிளாஸ், தொடாதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த உள் கிளாஸ் பப்ளிக்காக இருந்து, உங்கள் ஜாரை (கம்பைல் ஆன கோடின் தொகுப்பை) மற்ற டீம்கள் பயன்படுத்துகிறார்கள் என்றால் இந்த ஒரு சொல் மாற்றம் சின்னது அல்ல. கன்ஸ்ட்ரக்டரில் ஒளிந்திருந்த அந்த முதல் பாராமீட்டர் போய்விடுவதால், பழைய ஜாரை வைத்துக் கம்பைல் ஆன அவர்களுடைய கோட் 'அப்படி ஒரு மெத்தடே இல்லை' என்று ஓடும்போது விழும். சோர்ஸிலும் புள்ளி வைத்து நியூ எழுதிய இடங்களையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் அதை அடுத்த பெரிய வெர்ஷனுக்குத் தள்ளி வைத்து, ரிலீஸ் குறிப்பில் முதல் வரியாகப் போட்டுவிடுங்கள்.